வாளியில் கரைந்த பாறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் நலம் என்றுதான் எழுதுகிறாய், ஆனால் போன கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்தது, காய்ச்சலோ என்று சந்தேகமாக இருக்கிறது, மறைக்காமல் எழுது.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் சாலைக்காகக் குன்றை வெட்டினார்கள். என் மழலையர் வகுப்புச் சன்னலுக்கு நேரே வெட்டிய சரிவு. "இரும்பு மாதிரி கல்லு டீச்சர், நூறு வருஷம் நிக்கும்" என்றார் எஞ்சினியர். கேட்காமலே ஒருவர் உறுதி கொடுத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன், பழைய புத்தகத் தாள்போல நகத்தில் உரிந்தது. ஏரியடியில் படிந்த சேறு மேலே ஏறும் பாரத்தில் இறுகிக் கல்லாகும், ஆழத்தில் புதைந்து வெந்தால் சிலேட்டாகும், உருகிக் குளிர்ந்தால் கருங்கல்லாகும், அதுவும் தேய்ந்து மறுபடி சேறாகும் என்று நீ பரீட்சைக்கு உருப்போட்டதைக் கேட்டவள்தானே நான். இது வேகாத சேறோ என்று தோன்ற, வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் வாளியில் கல் இல்லை, கூழ்தான் இருந்தது.

வாளியோடு தலைமையாசிரியையிடம் போனேன். "உங்களுக்குத் தொட்டதுக்கெல்லாம் சந்தேகம்" என்றார். எஞ்சினியரோ வாளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதில்தான் எனக்கு உறுதியாயிற்று. வகுப்பறையைப் பூட்டிவிட்டுச் சாவி தொலைந்தது என்று புளுகினேன், பதினெட்டுப் பிள்ளைகளையும் முன்கூடத்துக்கு மாற்றினேன். நான்கு நாள் ஏச்சு வாங்கினேன். ஐந்தாம் நாள் மழையில், பாட்டு நேரத்தில், குன்று சரிந்து அந்த அறை கரும்பலகை வரை நிரம்பிவிட்டது. சத்தத்தில் பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தினால் அழுவார்கள் என்று தனியாகவே பாடி முடித்தேன்.

நேற்று எஞ்சினியர் ஒரு தாளோடு வந்து குழைந்தார். எதிர்பாராத விபத்து என்று எழுதியிருந்தது. "ஒரே ஒரு கையெழுத்து டீச்சர்" என்றார். 'எதிர்பாராத' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்காமலே போய்விட்டார். விசாரணைக்கு வருபவர் கையில்தான் கொடுப்பேன், எங்கே வைத்திருக்கிறேன் என்று அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

நோய்நொடியின்றி நல்லபடியாக இரு. பதில் எழுதும்போது உறையை அழுத்தி ஒட்டு, போன முறை யாரோ பிரித்து ஒட்டியது போலிருந்தது.

உன் அம்மா