கவுன்ட்டரில் இன்னொரு கை

மார்ச் 4, செவ்வாய்

பல் செட் ஒன்றைக் கொடுக்க கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். சும்மா உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

கதாநாயகன் சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவன். கவுன்ட்டரில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஊருக்கு அவனுடைய கை மட்டும்தான் தெரியும். அதே ஆட்கள் தெருவில் எதிரே வந்தால் அவனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இத்தனைக்கும் அவன் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்கும்.

"இத இப்பத்தான் பாக்கறீங்களாண்ணா? எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி பாத்த படம்" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். நான் எப்போதும் இப்படித்தான். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்துக்குப் பந்திக்கு வருகிற ஆள்.

மார்ச் 6, வியாழன்

படம் போனில் கிடைத்தது. வேலை முடித்துப் பாதி பார்த்தேன்.

அவன் நின்றுகொண்டே சாப்பிடுகிறான். நானும்தான். அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதனிடம் "நாளைக்குப் பாக்கலாம்" என்கிறான். நான் தட்டோடு பேசுவதில்லை. இதுவரை.

எனக்கும் அப்படி ஓர் ஓட்டைதானே? கிளினிக்கிலிருந்து வாயின் அச்சு வரும். பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, செட் முடித்து டப்பாவில் போட்டு அனுப்புவேன். இந்த ஊரில் எத்தனையோ பேர் என் கைவேலையில்தான் மெல்லுகிறார்கள். ஒருவருக்கும் என் முகம் தெரியாது. எனக்கும் அவர்களுடைய தாடை மட்டும்தான் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

பார்த்திருக்கக் கூடாது.

அவன் இரண்டு மூன்று காட்சியாக இருமிக்கொண்டே இருந்தான். ஒருநாள் மாலை அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறான். அடுத்த காட்சி, தியேட்டர் வாசலில் கூட்டம். ஓட்டையிலிருந்து கை வருகிறது. டிக்கெட் கொடுக்கிறது. அந்தக் கையில் மோதிரம் இருக்கிறது. அவன் மோதிரம் போட்டவன் இல்லை.

வரிசையில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. டிக்கெட் வாங்கினார்கள், போனார்கள்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பார்க்க மாட்டேன். அந்த அறைக் கதவை யாரோ உடைப்பதைப் பார்க்க என்னால் ஆகாது.

நான் போனால் டாக்டர் வேறு ஆளிடம் அச்சை அனுப்புவார். டப்பா வரும். எல்லாரும் மெல்லுவார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா போன். படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தனியா உக்காந்து அழுமூஞ்சிப் படமா பாக்காத. இங்க வந்துடுறா, மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு."

"வேல இருக்குக்கா."

வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறாள். திங்கட்கிழமை எனக்கு ஏதாவது ஆனால்? அவளுக்குத் தெரிய ஆறு நாள்!

மார்ச் 10, திங்கள்

குளிக்கும்போது சோப்பை மிதித்துக் கால் வழுக்கியது. விழவில்லை, குழாயைப் பிடித்துக்கொண்டேன். அதன்பிறகு வெகுநேரம் நெஞ்சுத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். கதவு உள்ளே தாழ்ப்பாள். விழுந்து கிடந்தால் யாரு வருவா? வந்தாலும் எப்படித் தொறப்பாங்க?

ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். தனியாக இருக்கிறவன் தாழ்ப்பாள் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? இருந்தும் மாலையில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது லேசாகத் திறந்து திறந்து மூடியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மார்ச் 13, வியாழன்

இன்று யாரிடமும் பேசவில்லை. மாலையில் தட்டிடம் பேசினேன்.

மார்ச் 17, திங்கள்

கிளினிக் அலமாரியில் நான் செய்த முழு செட் ஒன்று அப்படியே இருக்கிறது. மேலும் கீழும். போன வாரமே வாங்கிப் போயிருக்க வேண்டும்.

"பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன அம்மாண்ணா. தனியா இருக்காங்க. மெழுகு செட்ட வாயில வெச்சுப் பாக்க வந்தப்ப நல்லாத்தான் இருந்தாங்க. இப்ப போன் ஸ்விட்ச் ஆஃப்" என்றாள் வரவேற்புப் பெண்.

டாக்டர் உள்ளேயிருந்து, "வருவாங்க, விடுங்க" என்றார்.

என்னால் விட முடியவில்லை. வாயில் ஒரு பல்கூட இல்லாதவர் செட்டை வாங்க வராமல் இருப்பாரா? அந்தத் தாடை எனக்குத் தெரியும். இடப்பக்கம் தேய்ந்தது, வாழ்நாளெல்லாம் அந்தப் பக்கமே மென்றவர். வேறொன்றும் தெரியாது.

மார்ச் 19, புதன்

செட் அங்கேயே இருக்கிறது. போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த அம்மாவின் பிளாஸ்டர் அச்சை எடுத்து மேசையில் எதிரே வைத்துக்கொண்டேன்.

படத்துல வரிசையில நின்னவன் ஒருத்தன் நிமிர்ந்து பாத்திருந்தா? ஒரே ஒருத்தன்?

மார்ச் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வரவேற்புப் பெண்ணிடம் முகவரி கேட்டேன். "டாக்டருக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கீழே மளிகைக் கடை, மேலே வீடு. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே எதுவோ தடாலென்று விழுந்தது. அப்புறம் ஒரு முனகல்.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. தோளால் கதவை ஒரே இடி. தாழ்ப்பாள் பெயர்ந்து தெறித்தது. கதவோடு நானும் உள்ளே போய் விழுந்தேன்.

எதிரே ஓர் அம்மா. ஒரு காலில் கட்டு. வாயைத் துண்டால் பொத்தியிருந்தார். காலடியில் கவிழ்ந்த ஸ்டூல்.

"யாருய்யா நீ? தொறக்க வரதுக்குள்ள என்ன அவசரம்?"

"பல்லு" என்றேன். டப்பாவை நீட்டினேன். பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கம்தான். எழுதித்தானே ஆக வேண்டும்.

படியில் கால் பிசகி, கையிலிருந்த போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் கடைக்காரர் வேண்டியதைப் போட்டுவிடுகிறார். நான் தட்டியபோது வாயை மூடத் துண்டு தேடியிருக்கிறார்.

"பஸ் பூரா கேக்கற மாதிரி கத்துன வாயி. பல்லு போனா சொல்லு போச்சு. இப்படியே போயி யாரு முன்னாடி நிக்கறது? அதான் யாரையும் கூப்பிடல."

திரும்பி நின்று செட்டைப் போட்டுக்கொண்டார். துண்டை எடுத்தார். முகம் எனக்குத் தெரிந்ததுபோலவே இருந்தது.

ஏன் அழுதாய் என்று கேட்டார். படத்தைச் சொன்னேன், மோதிரக் கை வரைக்கும். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. புது செட் ஆடியது.

"அந்தாளு எங்க செத்தான்? அன்னைக்கு லீவு போட்டுட்டு டிக்கெட் வாங்கி உள்ள போயிப் படம் பாப்பான்யா. கவுன்ட்டர்ல ஒக்காந்தது மேனேஜரு. முழுசா பாக்காமயா என் கதவ ஒடச்ச?"

"நிஜமாவா?"

"தியேட்டர்ல ரெண்டு தடவ பாத்தவ நான். நானும் டிக்கெட் குடுத்தவதான, வுட்ருவனா? கடைசில அவன் பக்கத்து சீட்டு காலியா இருக்கும். அது மட்டும் எனக்கு அப்பவே புடிக்கல."

மார்ச் 21, வெள்ளி

என் இழுப்பறையில் கிடந்த தாழ்ப்பாளை எடுத்துப் போய் அவர் கதவில் பொருத்தினேன். குளியலறைத் தாழ்ப்பாள், வாசலுக்குச் சின்னதுதான். "போதும். ஒடைக்கறதுக்கு லேசா இருக்கும்" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

அந்த அம்மா கட்டுக் காலோடு ஆட்டோ பிடித்து நான் வேலை செய்யும் அறைக்கே வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அங்கே வந்த முதல் வாய். இடப்பக்கம் உறுத்துகிறதாம். பார்த்தேன். உறுத்த வழியே இல்லை. செட்டை வாங்கித் திரும்பி நின்று, அதில் படாமல் வெறுமனே கொஞ்ச நேரம் தேய்க்கும் மெஷினை ஓடவிட்டு, கழுவிக் கொடுத்தேன்.

"இப்பச் சரியா இருக்கு தம்பி" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

மறுபடி இடப்பக்கம். மறுபடி மெஷின்.

பயம் போய்விட்டதா? இல்லை. இன்று காலையில்கூடப் படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினேன். நெஞ்சு அடித்தால் இன்னும் எண்ணிப் பார்க்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா போன் வந்தபோது நான் அந்த அம்மா வீட்டில் இருந்தேன். "பக்கத்துல யாருடா பேசறது?" என்றாள். "படம் பாத்துட்டிருக்கோங்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போனில் இதையே குடைவாள்.

பாக்கியைப் பார்த்து முடித்தோம். அவர் சொன்னதுதான். அவன் உள்ளே உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி திரையைப் பார்க்கிறான். பக்கத்து சீட் காலி. அந்த இடம் வந்ததும் அந்த அம்மா எழுந்து போய் ஜன்னலை மூடினார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு எடது பக்கம் உறுத்தும்னு நெனைக்கறேன்" என்றார்.

"மத்தியானத்துக்கு மேல வாங்க" என்றேன்.

வரும் வழியில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். குளியலறைக் கதவில் பழைய ஓட்டைகளிலேயே ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது. போட்டுக்கொண்டு குளித்தேன்.