காரிடம் சொன்ன பேச்சு

அக்கா,

இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சுடச்சுட வடை விழுந்தது. உன் முகம்தான் முன்னே வந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு வடை என்றால் நீதான். என் பிள்ளையின் காதுகுத்துப் பந்தியில் என் அம்மா இலைக்கு மட்டும் வைக்காமல் தாண்டிப் போனாயே, மறப்பேனா? வேண்டுமென்று செய்யவில்லை என்று கடைசிவரை சொன்னாய். சொல்லிவிட்டுப் போ.

அதோடு நமக்குப் பேச்சு நின்றது. ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சுவரையும் பூனையையும் பார்த்தே பேசினோம். நம் ஊர் பிள்ளைப்பாக்கமே வேடிக்கை பார்த்தது.

அப்படியிருக்கையில்தான் உன் மகள் கல்யாணம். செத்துப்போன அப்பா ஓட்டிய பழைய டீசல் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காரோ எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. தானாகக் கியர் மாறும் வண்டி அது. மாறும்போதெல்லாம் முதுகில் உதைத்தது. மெக்கானிக் ஊரில் இல்லை. வேலை தெரிந்த என் வீட்டுக்காரருக்கோ வலது கை மாவுக்கட்டில். என் மகன் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் ஓட்ட வருவான். அதற்குள் சரியாகாவிட்டால் பெண் அழைப்புக்கு ஷேர் ஆட்டோதான்.

அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒருத்தி உள்ள குந்தி ஆக்சிலேட்டர அடிவரைக்கும் மிதி. இன்னொருத்தி இங்க டீசல் பம்பாண்ட லீவர் கடைசிவரைக்கும் போய் முட்டுதான்னு பாத்து, அத்த இழுக்கற ராட முறுக்கு. ரெண்டு பேரும் பேசிக்காம இது ஆவாது, சொல்லிட்டேன்."

நீ உள்ளே ஏறினாய். நான் ஸ்பானரை எடுத்தேன். லீவர் பாதி வழியிலேயே நின்றது. வேறு வழியில்லாமல் திறந்திருந்த பானெட்டைப் பார்த்துச் சொன்னேன்:

"ஏ காரே, உள்ள குந்தினு கீற மவராசிய நல்லா அழுத்தச் சொல்லு."

நீ ஸ்டியரிங்கிடம் சொன்னாய்: "காரே, அழுத்தினுதான் கீறேன். வெளிய நிக்கறவளுக்குக் கண்ணு இன்னா ஆச்சின்னு கேளு."

அவர் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ராடைக் கழற்றி, முனையைத் திருகி நீளம் கூட்டி மறுபடி மாட்டினேன். லீவர் போய் டக்கென்று முட்டியது. அடுத்து வேக்கம், அதாவது டியூப் வழியாகக் காற்றை உறிஞ்சும் இழுப்பு. இன்ஜின் ஓடும்போதே கியர்ப்பெட்டிப் பக்கத்துத் திருகை அவர் சொன்னபடி லேசாகத் திருப்பினேன். அந்த இழுப்பு சரியில்லாததால்தான் கியர் உதைக்கிறதாம். "சரி, ஆஃப் பண்ணுங்க, நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று உள்ளே போனார்.

நீ சாவியை உருவினாய். இன்ஜின் நிற்கவில்லை. சாவி உன் கையில். கார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாய் பார்:

"அடியே! உன் மச்சாண்டார் வந்து குந்திகினாருடி! சாவி என் கைல கீதுடி!"

சத்தம் கேட்டு ஓடி வந்தவர் எட்டிப் பார்த்து, கழன்று தொங்கிய ஒரு சின்ன ரப்பர் டியூபைக் காட்டினார். வேக்கம் அதன் வழியாகப் போனால்தான் இன்ஜின் நிற்குமாம். நான் அதை எடுத்து மாட்டப் போனேன்.

"மாட்டாதடி" என்றாய். உன் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "பொண்ணு கல்யாணத்துக்கு வந்துகீறாரு. செத்த நேரம் ஓடட்டும்."

டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ போதும் என்கிற வரைக்கும் நின்றேன்.

சாயங்காலம் கார் வெண்ணெய் மாதிரி போனது. மணப்பெண்ணை நடுவில் உட்காரவைத்து நாம் பேசிய பேச்சில், "கொஞ்சம் வாய மூடினு வாங்களேன், ஹாரன் சத்தமே எனக்குக் கேக்கல" என்றான் என் மகன்.

அதற்கப்புறம் காலமெல்லாம் ஒரே சண்டைதான் நமக்கு: முதலில் பேசியது யார்? "நான் கார்கிட்டதாண்டி சொன்னேன்" என்று சாதித்தாய். காருக்கு ஏது அக்கா மச்சாண்டார்? அந்த வீட்டில் உன் புருஷனை அந்த முறை சொல்லிக் கூப்பிட நான் ஒருத்திதானே இருந்தேன்? நீதான் முதலில் பேசினாய். இன்றைக்கும் பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். சப்பென்று போய்விட்டது.

இல்லையென்று சொல்ல நீ வேண்டும் அக்கா.