கையளவு தொய்வு

ஆரணி,
ஞாயிறு காலை.

அன்புள்ள உங்களுக்கு,

ஜெயப்ரியா எழுதுவது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஃபோனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன். மஸ்கட்டில் உங்கள் அறையில் எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் பேச்சை மாற்றிவிடுகிறேன். எதிர்வீட்டு ஹேமநாத் லீவு முடிந்து நாளை புறப்படுகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே முறுக்கும் நீங்கள் கேட்ட தைலமும் இருக்கின்றன.

இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் மழை பரவாயில்லை, கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடுகிறது. நம் பெண் லாவண்யாவுக்குக் கல்லூரியில் பரீட்சை நெருங்குவதால் இந்த வாரம் ஊருக்கு வரவில்லை. உங்கள் அண்ணி கமலம் அக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. முன்பு போல அறைக்குள்ளேயே கிடக்காமல் எழுந்து நடமாடுகிறார். அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

போன வாரம் பேசும்போது இடது கை விரல்கள் வீங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். நடுவிரலில் நூல் அறுத்தது மாதிரி ஒரு கோடு, எப்படி வந்ததென்றே தெரியவில்லை என்றீர்கள். ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு நூல் எங்கிருந்து வரும் என்று கேட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கார் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், அப்படி எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

இன்ஜினுக்கு வேகம் கூட்ட நீங்கள் அனுப்பிய சூப்பர்சார்ஜரை மெக்கானிக் சந்திரமோகன் பொருத்திவிட்டார். தறிக்கொட்டகையில், உங்கள் அண்ணனின் தறிக்குழி மேல்தான் கான்டெஸா நிற்கிறது. நீங்களும் உங்கள் அண்ணனும் அகலப்படுத்திய அதே குழிக்குள் இறங்கி நின்றுதான் சந்திரமோகன் அடிப்பக்க வேலைகளைச் செய்தார். கடைசியாக மிஞ்சியது ஆயில் லைன். இன்ஜினிலிருந்து சூப்பர்சார்ஜருக்கு எண்ணெய் கொண்டுபோகிற அந்த விரல்தடிமன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். “அக்கா, இன்ஜின் சும்மா நிக்காது. ஆக்ஸிலேட்டர மிதிச்சா இப்பிடி ஒரு ஆட்டு ஆடும். லைன பாடியோட இஸ்து கட்டினா அந்த ஆட்டத்துல மூட்டு பிச்சிக்கும். சூடு எக்ஸாஸ்ட் மேல எண்ணெ பீச்சினா அவ்ளோதான்” என்றார். சொன்ன பிறகுதான் யார் வீட்டில் சொல்கிறோம் என்று நினைவு வந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

போன முறை, முதல் சூப்பர்சார்ஜரைப் பொருத்தியபோது நடந்தது அதுதானே. தேவிகாபுரம் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போன உங்கள் அண்ணன் புகை வருகிறதென்று இறங்கி பானட்டைத் திறந்தார். பானட்டுக்கு அடியில் காத்திருந்த நெருப்பு அவர் முகத்தில் பாய்ந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் நீங்கள்தான் கூட இருந்தீர்கள். காரியத்தன்று, வந்தவர்களிடமெல்லாம் நீங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னீர்கள். “அண்ணன் லைன பாவு மாதிரி இஸ்து கட்டிட்டான்.” யாரும் மறுக்கவில்லை. நெசவுக்காரன் கை தொய்வைப் பொறுக்காது, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவு தொய்ந்தால் சேலை கெட்டது என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தங்கவேலுவுக்குப் பழக்கதோஷம் என்று ஊரும் முடித்துக்கொண்டது. கமலம் அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமே நீங்கள் மஸ்கட் போய்விட்டீர்கள்.

இந்த முறை சந்திரமோகன் லைனை இன்ஜினுக்குப் பின்பக்கமாகச் சுற்றி, எக்ஸாஸ்ட்டை விட்டு நன்றாக விலக்கி, ரப்பர் வைத்த கிளாம்ப்புகளில் பொருத்தினார். நடுவில் கையளவு தொய்வு விட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், என் கையை வைத்தும் பார்த்தேன். கொட்டகையைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டார்ட் செய்து வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்புவதாக இருந்தோம். பானட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கிளாம்ப்புகள் கழன்று கிடந்தன. லைன் முன்பக்கமாக, எக்ஸாஸ்ட்டுக்கு மேலாக வந்து, பாடியோடு விறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டியிருந்தது சிவப்புப் பட்டு நூல். “இன்னாக்கா இது, நான் வுட்ட லைனு இல்ல இது. பாவு மாதிரி இஸ்து கட்டிகினு கீது!” என்றார். நான்தான் விளையாடினேன் என்று கொஞ்ச நேரம் நம்பப் பார்த்தார். “பேஜார் பண்ணாதக்கா, நெருப்போட வெளாட்டு வேணாம்” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார்.

அவிழ்த்து, மறுபடியும் பின்பக்கமாக விட்டார். மறுபடியும் அதே மாதிரி ஆயிற்று. அதையும் அவிழ்த்துப் பின்பக்கமாக விட்டுப் போன சந்திரமோகன் அதற்குப் பிறகு வரவில்லை. அவருடைய ஸ்பேனர் பெட்டி இன்னும் தறிக்குழி ஓரத்திலேயே இருக்கிறது. வேலை அதிகம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார். அது பொய். பயம்.

கமலம் அக்காவுக்குப் பயம் இல்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்துதான் அவர் எழுந்து நடக்கிறார். தினமும் மத்தியானம் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொட்டகை ஜன்னலில் வைக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் போய் எடுக்கிறார். டம்ளர் காலியாக இருக்கிறது. பூனை குடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். செத்துப்போன கணவர் வருகிறார் என்று அவர் நினைப்பதாகத்தான் எண்ணினேன். அந்த நினைப்பைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. பௌதிகம் படித்தவள் நான். ஒரு குழாய் தானாக இடம் மாறாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

முந்தாநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. தெரு முழுக்க விசைத்தறிகள் ஒரே நேரத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த அமைதியில் கொட்டகைக்குள் ஒரு சத்தம் கேட்டது. விரல்களுக்கு நடுவே நூலை உருட்டி முறுக்குகிற சத்தம். சாதாரணமாக அது யார் காதிலும் விழாது. எனக்கு விழுந்தது.

பூட்டைத் திறந்து உள்ளே போனேன். ஓட்டுக்கண்ணாடி வழியாக வெயில் விழுந்திருந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. யாரும் இல்லை. பானட் திறந்திருந்தது. லைன் அப்போதுதான் முன்பக்கம் வந்திருந்தது, இன்னும் தொய்வாகத்தான் இருந்தது. அதன் மேல் கையை வைத்தேன். வாரக்கணக்கில் ஓடாத இன்ஜினின் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. என் கைக்கு அடியிலேயே அது மெல்ல மெல்ல இறுகியது. எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து நிதானமாக இழுப்பது போல, அவசரமே இல்லாமல். அப்போது வாசனை வந்தது. நீங்கள் கழுத்துக்குத் தேய்க்கிற தைலம்.

“என்னங்க, விடுங்க” என்றேன்.

விட்டது. குழாய் தொய்ந்து என் கைமேல் விழுந்தது. பாதி கட்டிய நூல் மட்டும் பாடியோரத்தில் தொங்கியது. உங்களுக்கு அது சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்கிற நேரம். அன்று சாயங்காலம் நீங்களே கூப்பிட்டு, மத்தியானம் தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லாமல் கூப்பிட்ட மாதிரி இருந்தது, வேர்த்துக்கொண்டு எழுந்தேன் என்றீர்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த நூலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான் நெசவு வீட்டில் பிறந்தவள் இல்லை. ஆனால் பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் புணைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உங்கள் அண்ணன். எங்கள் எல்லோருடைய முறுக்கும் ஒரே பக்கம்தான் போகும். இந்த வீட்டில் ஒரே ஒருவருடைய முறுக்குதான் எதிர்ப்பக்கம் போகும். இடது கைக்காரர். அவர் புணைத்த இழைகளெல்லாம் தறியில் பிரிந்து பிரிந்து போனதால்தான் அவருடைய அப்பா அவரைத் தறியிலிருந்து எழுப்பி மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்பினார். இதை நீங்களே சிரித்துக்கொண்டு எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு லைனைக் கட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. அந்த முடிச்சு எரிந்துவிட்டது, அதை இனி யாரும் பார்க்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு. தை மாதம் வந்ததும் என்னையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு இதே காரில் தேவிகாபுரம் கோவிலுக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். அண்ணனின் ஆசை என்கிறீர்கள். பகலெல்லாம் ஃபோனில் லைனை ஒழுங்காக விடச் சொல்கிறீர்கள், கண்ணை மூடியதும் உங்கள் கை வந்து அதை இழுத்துக் கட்டுகிறது. அந்தக் காரில் நீங்கள் எங்கே போகப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அதை நினைத்தால் எனக்குக் கொட்டகையைவிடப் பயமாக இருக்கிறது.

நேற்று நூலை எடுத்துக்கொண்டு கமலம் அக்காவிடம் போனேன். சொல்லக் கூடாது என்றுதான் போனேன். ஆனால் கையில் வைத்திருந்தேனே. அவர் வாங்கி இரண்டு விரலில் ஒரே ஒரு முறை உருட்டிப் பார்த்தார். “இத்த எதுக்கு எங்கிட்ட எடுத்துகினு வந்த? எனக்குத் தெரியாதா? அவரோட ஒரே தறியில உக்காந்தவ நான். இது அவரு முறுக்கு இல்ல” என்றார். அப்படியானால் டீ யாருக்கு என்று கேட்டேன். “நீ அந்த டம்ளர மோந்துகூட பாக்கலியா? அவருக்கு சக்கரை வியாதி. கருப்பட்டியும் சுக்கும் போட்டு இந்த வூட்டுல யாரு குடிப்பாங்க? தம்பிக்குத்தான் வெக்கிறேன். அவ்ளோ தூரத்துல இருந்து வெறும் வயித்தோட வந்துகினு கீறாரு பாவம்” என்றார். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. காரியத்தன்று அவர் பேசாமல் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை நான் லைனை முழுதாகக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். இன்ஜினில் எண்ணெய் வந்த வாயையும் சூப்பர்சார்ஜரின் வாயையும் அடைத்துவிட்டேன். கார் இனி ஓடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். தேவிகாபுரத்துக்கு பஸ் இருக்கிறது. மூன்று பேர் உட்காருகிற சீட்டில் அக்காவை நடுவில் உட்கார வைத்துப் போவோம். போகிற வழியில் உங்களுக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் அவரிடம் சொல்லுங்கள். தோன்றாவிட்டால் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

அக்கா உங்களுக்குச் சொல்லச் சொன்னது ஒன்றுதான். “தம்பிய நல்லா தூங்கச் சொல்லு.”

நான் கேட்பதும் அதுதான். இதைப் படித்த பிறகு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது, இடது கையை மார்பின் மேல் வைத்து, விரல்களைத் திறந்தபடி தூங்குங்கள்.

உங்கள் வருகைக்கு வாசல் பார்த்திருக்கும்,
ஜெயப்ரியா