தசமி என்று நான் சொன்ன நாள்

எனக்குச் சைக்கிள் பழக்கிய என் அருமை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருசமாகி, உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. உரும்பிராய் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன். யாழ்ப்பாணத்திலேயே ஒருவன் இப்படி அடித்திருக்கமாட்டான். ஆனால் உங்கள் மகள் வாணி ஒரு கிழமையாக என் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. பிழை என் வாயில்தான்.

நீங்கள் தனியே இறந்து கிடந்ததை விடிய வந்து முதலில் கண்டவன் நான். "கடைசியா எப்ப கண்டனீங்கள்?" என்று விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார். "நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கு. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு என்னோடை சிரிச்சுக் கதைச்சவர்" என்றேன். அன்று நாலு மணிக்கே நவமி முடிந்து தசமி பிறந்துவிட்டது. ஆகவே உங்கள் திதி தசமி என்றானது. எட்டாம் வகுப்போடு நின்ற நானே முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு, அந்தத் திதியைச் சொல்லும் வெண்பாவும் கட்டினேன். ஐயரே அசந்துபோனார்.

போன கிழமை, மருத்துவம் படிக்கும் வாணிக்கே பாடம் எடுக்கப் போனேன். "உன்ரை அப்பான்ரை வயித்திலை வலப்பக்கம் பச்சை படர்ந்து கிடந்தது. நான் அப்பவே கவனிச்சனான்."

அவள் நிமிர்ந்தாள். "சித்தப்பா, அது குடலிலை இருக்கிற பக்டீரியா செய்யிற வேலை. உயிர் போனாப் பிறகுதான் தொடங்கும். எங்கடை வெக்கைக்குக் கெதியா வரும்தான். எண்டாலும் ஒரு ராவுக்குள்ளை அவ்வளவோ? உண்மையா ஆறு மணிக்குக் கண்டனீங்களோ?"

"பின்னை? என்ரை கண் பொய் சொல்லுமோ?" என்று கத்திவிட்டு எழும்பிவிட்டேன்.

அந்தப் பக்டீரியாக்களில் எது குறைந்தது, எது பெருகியது என்று பார்த்து, இறந்த நேரத்தை மதிப்பிடுகிறார்களாம்; என் முதுகுக்குப் பின்னால் வாணி சொன்னாள். எனக்கு வந்த எரிச்சல்! அன்று ஏன் ஒருவரும் ஒரு பஞ்சிலாவது தொட்டு எடுக்கவில்லை? ஏன் என் வாயை நம்பினார்கள்? கீரிமலையில் சாம்பலும் கரைத்தாயிற்று. இனி யாரைக் கேட்பது? கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சிகள் கடைசிவரை உங்களோடு இருந்திருக்கின்றன. நான் இல்லை.

அன்று காலை போனில் "ஆறு மணிக்கு வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு, பின்னேரம் முழுக்க மானிப்பாய்ச் சந்தியில் புளுகிக்கொண்டு நின்றேன். நீங்கள் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களா? இல்லை, அதற்கு முன்பே போய்விட்டீர்களா?

இந்தக் கடிதம், திவசத்துக்கு அச்சடிக்கும் உங்கள் நினைவு மலரின் முதல் பக்கத்தில் வரும். அதில் திரும்பவும் போட இருந்த என் வெண்பாவை நீக்கச் சொல்லிவிட்டேன். வாணியும் ஐயரும் இதை வாசித்துத் திதியை முடிவுசெய்யட்டும். எந்த நாள் என்றாலும், விடிய முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன் அண்ணை.

அன்று பின்னேரம் வராத,
உங்கள் தம்பி