குதிரைச் சனத்து மதினிக்கு

மதினி,

டி.வி. பெட்டி மேல் ஒரு போட்டோ கிடக்கிறது. காலையிலிருந்து அது என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. குப்புறத் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அது என்ன போட்டோ என்று பிறகு சொல்கிறேன். முதலில் நல்ல சேதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பெரியவன் மகன் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். முதல் சம்பளத்தில் எனக்குக் கண்ணாடி எடுத்துத் தந்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மகள் வழிப் பேத்தி மதுரையில் நர்சு படிக்கிறாள். லீவில் வந்தால் தெருவே அவளிடம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சின்னவன் மகன் ஓட்டப்பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து கப் வாங்கியிருக்கிறான். கப்பைத் தினமும் நான்தான் துடைக்கிறேன். பிறகு கற்பகம். பெரியவன் மகள், உங்கள் கற்பகம், இன்ஜினீயரிங் முடித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கோவில்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும்.

கற்பகத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். குப்புறக் கிடக்கிற போட்டோவில் இருப்பது அவள்தான். அவள் இல்லை என்றும் சொல்லலாம். அதைச் சொல்ல உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

அவளுக்கு உங்கள் முகம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பிக்கு வராமல், என் பிள்ளைகளுக்கு வராமல், எல்லோரையும் தாண்டிவந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது அது. நீண்ட முகம், நீண்ட மேலுதடு, உதட்டுக்குள் அடங்காத பல். அவளுக்குப் பல் விழுந்து முளைத்தபோது நீங்கள்தான் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இந்த வீட்டுல எனக்கு ஒரு தொண வந்துட்டுது" என்றீர்கள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குத் திக்கென்று இருந்தது.

அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அழுதுகொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நாம் இரண்டு பேரும் வாசலில் மிளகாய் வத்தலைக் கொட்டிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். நெடி ஏறி எனக்குத் தும்மல் மேல் தும்மல்.

"எதுக்குட்டி அழுத?" என்று கேட்டீர்கள்.

"பயலுக எல்லாரும் என்னயக் குதிரைக்குட்டின்னு சொல்லுதானுவ, பெரியாச்சி."

நான் அந்தப் பயல்கள் வீட்டுக்குச் சண்டைக்குப் போக முந்தானையை இழுத்துச் செருகினேன். நீங்கள் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"சரியாத்தான சொல்லிருக்கானுவ? உனக்கு வீட்டுல இன்னுமா சொல்லல? நீயும் நானும் குதிரைச் சனம். இவிய எல்லாம் வேற. உங்க ஆச்சியப் பாரு, நாலு வத்தலுக்கே இந்தத் தும்மு தும்முதா. நம்ம மூக்குக்கு நாகலாபுரத்துல மழ பெஞ்சா இங்கன மணக்கும்."

அழுகை நின்றுவிட்டது. "எனக்கு மணக்கலையே?"

"உங்கம்ம மனுசில்லா. அதான் உனக்குப் பாதி மூக்கு."

அன்றைக்கு ஆரம்பித்தது. அந்த வத்தல் தீர்கிறவரைக்கும் சாயங்காலம் ஆனால் குதிரைச் சனம்தான். கோவில்பட்டி ரயிலடியில் நிற்கிற ஜட்கா குதிரைகளைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவைப்பீர்கள். வண்டிக்காரரிடம் விவரமும் கேட்டு வருவீர்கள். அந்தச் சனத்துக்கு இடுப்புக்கு மேலே கை இரண்டும் விரல் பத்தும் நம்மைப் போலத்தான், பருத்தி எடுக்கத் தோதாக. கீழே கால் இரண்டு. பாதம் கிடையாது, ஒற்றைக் குளம்பு. பிடரி மயிர் உச்சந்தலையில் தொடங்கி முதுகுத்தண்டு வழியாக இறங்கி வாலில் போய் முடியும். பெண்கள் அதை முழுக்கப் பின்னிக் கனகாம்பரம் வைக்க ஒரு வீட்டுத் தோட்டம் பூ வேண்டும்.

கோடையில் கரிசல் வெடித்தால் வெடிப்புக்குள் குளம்பு மாட்டிக்கொள்ளும். அதனால் விருந்துக்கு அழைக்கிறவர், விருந்தாளி வரும் பாதையில் உள்ள வெடிப்பையெல்லாம் மண் போட்டு மூடிவிட்டுத்தான் வந்து அழைக்க வேண்டும். மூடாமல் அழைத்தால் 'வராதே' என்று அர்த்தம். அவர்கள் நின்றுகொண்டே தூங்குவார்கள். முட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். வீட்டில் கட்டிலும் பாயும் கிடையாது. பிள்ளை பிறந்த அன்றைக்கே எழுந்து நின்றுவிடும் என்பதால் தொட்டிலும் கிடையாது, தாலாட்டும் கிடையாது. நடக்க வைக்கிற பாட்டுத்தான். குதிரைக்குத் தின்றது திரும்ப வாய்க்கு வராது, வாந்தியே எடுக்காது என்று ஜட்காக்காரர் சொல்லியிருந்தார். அதை வைத்து ஒரு வழக்கம் கட்டினீர்கள்: வந்தவருக்குச் சோறு போட்டால் வீட்டுக்காரர் முதல் வாய் தின்று காட்ட வேண்டும். கூட்டமாக நடந்தால் வயசான பொம்பிளைதான் முன்னால். ஆம்பிளைகள் கடைசியில், தூசியில். யாரும் யார் காலிலும் விழுவதில்லை. குனிந்தால் உதை விழும்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. "சேல கட்டுனா வால எங்கன விடுவாக மதினி, உள்ளயா, வெளியயா?" என்று கேட்டேன்.

"நல்லநாளுக்கு வெளிய. செத்த வீட்டுக்குத் துட்டி கேக்கப் போனா உள்ள. இது தெரியாமத்தான் எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டியாக்கும்?"

காதுதான் கற்பகத்துக்கு ரொம்பப் பிடித்தது. மனசில் உள்ளதைக் காது காட்டிக் கொடுத்துவிடும். கோபம் என்றால் பின்னால் படுத்துக்கொள்ளும், பயம் என்றால் சுற்றும். பொய் சொல்லப் போகிறவன் தலைப்பாகை கட்டிக் காதை மறைத்துக்கொள்வான். அதனால் தலைப்பாகைக்காரனிடம் அங்கே யாரும் மாடு வாங்கமாட்டார்கள்.

பெண் பார்க்கிற வழக்கத்தை ஒருநாள் சொன்னீர்கள். பல்லைப் பார்த்தால் வயசு தெரியும் என்பதால், வந்த உடனே மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் வாயைத் திறந்து காட்ட வேண்டும். மாப்பிள்ளை, அவன் அப்பன், அம்மை, கூட வந்த பெரியப்பன் எல்லாரும் வரிசையாக. பிறகுதான் பெண். பிடித்திருந்தால் இரண்டு பேரும் மேலுதட்டைச் சுருட்டிப் பல் அத்தனையும் தெரியக் கனைப்பார்கள். அவ்வளவுதான் நிச்சயதார்த்தம்.

"பொண்ணு வாய மூடிக்கிட்டே இருந்தா?" என்று கேட்டாள் கற்பகம்.

"சொகமில்லாத பிள்ளைன்னு நெனச்சுக் கசாயம் வச்சுக் குடுத்துட்டு வந்துருவாக."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பயல்கள் முன்னால் போய் நின்று கனைத்திருக்கிறாள். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த வருசம் பருத்தி எடுக்கும்போதுதான் உங்கள் கல்யாணக் கதையை எனக்குச் சொன்னீர்கள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நீங்கள் ஏற்கெனவே திரும்பி வந்திருந்தீர்கள். ஏன் என்று யாரும் பேசமாட்டார்கள். கையில் பருத்தியை வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வது போலச் சொன்னீர்கள்.

"தாலி ஏறுத வரைக்கும் வாய மூடிட்டு இருன்னு எங்கய்யா சொல்லிட்டாரு. பொண்ணு பாக்க வந்தப்ப மூடிட்டு இருந்தேன். முகூர்த்தத்துலயும் மூடிட்டு இருந்தேன். மறுநாக் காலையில அவிய வீட்டுப் பந்தக்கால்ல ஒரு ஆடு ஏறி வாழ இலயத் தின்னுச்சுட்டி. பின்னங்கால் ரெண்டுல நின்னுக்கிட்டு, பெரிய மனுசி மாதிரி. சிரிச்சுட்டேன். மாமியாக்காரி பாத்துட்டா. 'குதிரையக் கட்டி வச்சு ஏமாத்திட்டானுவளே'ன்னு ஒரே சத்தம்."

"உங்கய்யா ஒண்ணும் கேக்கலையா?"

"சண்டைக்குப் போனாரு. என்னன்னு சண்ட போடுவாரு? எம் மகளுக்குப் பல்லே இல்லன்னா?"

அன்றைக்கும் நீங்கள்தான் சிரித்தீர்கள்.

இனிமேல்தான் என் கதை மதினி.

தரகர் அண்ணாச்சி புதியம்புத்தூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். ரெடிமேடு துணி தைத்து அனுப்புகிற குடும்பம். பையனும் படித்தவன். "போட்டோ ஒண்ணு குடுங்க ஆச்சி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கற்பகம் காலேஜ் விழாவில் சிரித்தபடி எடுத்த போட்டோ ஒன்று வீட்டில் இருந்தது. நானும் மருமகளும் அதைக் கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனோம். "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரலாம்" என்றார் ஸ்டூடியோக்காரர். மருமகள் பேசாமல்தான் நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேரன் வாங்கித் தந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, திரையில் விரலை வைத்து வைத்துச் சொன்னேன். "இங்கன கொஞ்சம் உள்ள தள்ளுங்க தம்பி. நாடிய ஏத்துங்க. இன்னும் கொஞ்சம். உதட்ட மூடிருங்க." அவர் மூடினார். நானே பெற்றெடுத்த மாதிரிப் பெருமையாக இருந்தது.

தரகர் கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். "அவியளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மகாலச்சுமி கணக்கா இருக்கான்னு சொல்லுதாவ." அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். போளியைத் தெருவெல்லாம் கொடுத்தேன். போட்டோவில் ஒரு பிரதியைச் சென்னைக்கும் அனுப்பிவைத்தேன்.

நேற்று கற்பகம் போன் பண்ணினாள்.

"போட்டோ வந்துச்சு ஆச்சி. பிள்ள அழகா இருக்கா. யாரு ஆச்சி இது?"

"நீதாம்ட்டி. கம்ப்யூட்டர்ல வேல பாக்குத, இது தெரியலையா?"

"அது தெரியுது. அவிய வரும்போது நான் இந்தப் பிள்ள மாதிரி உக்காரணும்லா? அதுக்குத்தான் கேக்குதேன். வாய எப்ப தொறக்கலாம் ஆச்சி? காப்பி குடுத்த பெறகா, தாலி கட்டுன பெறகா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. போன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவளே வைத்துவிட்டாள்.

உங்கள் கல்யாணக் கதை அவளுக்குத் தெரியாது மதினி. இந்த வீட்டில் இப்போது அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்தவள்தான் போய் உட்கார்ந்து உதட்டை மூடச் சொல்லியிருக்கிறேன். தெருவில் போளி தின்றவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வத்தல் கிள்ளும்போது வால் உள்ளேயா வெளியேயா என்று கேட்டுச் சிரித்ததெல்லாம் கதைக்குத்தான் போல. வாசலில் நாலு பேர் வந்து உட்காரப் போகிறார்கள் என்றதும் நான் உங்கள் அய்யா ஆகிவிட்டேன். அவருக்காவது வாயை மூடு என்று மகளிடமே சொல்கிற தைரியம் இருந்தது. நான் பிள்ளையைக் கேட்காமலே மூடிவிட்டேன்.

நீங்கள் போன அன்றைக்கு நாடிக்கட்டுக்குத் துணி நீளம் காணவில்லை. நான்தான் உள்ளே போய் என் பழைய சேலையைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லோருக்கும் கட்டுகிற கட்டுத்தான். ஆனாலும், கடைசியிலும் வாயை மூடித்தான் உங்களை அனுப்பினோம் என்று நேற்று ராத்திரி படுத்தபோது நினைப்பு வந்தது. பிறகு தூக்கம் எங்கே வரும்?

அந்தப் போட்டோவைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று இன்றைக்குக் காலையில் மகனிடம் சொன்னேன். "வந்து நேர்ல பாக்கட்டும்மா, பாத்தா பிடிச்சிரும்" என்றான். மருமகள் அழுதாள். இந்தச் சம்பந்தம் போய்விடும் என்கிற பயம் எனக்கும் இருக்கிறது. மனசறிந்து பொய் சொல்ல மாட்டேன், நல்ல இடம் அது. இருந்தாலும் தரகரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"அண்ணாச்சி, அவிய கையில இருக்க போட்டோவத் திருப்பி வாங்கிருங்க. வேற தாரேன்."

"ஏன் ஆச்சி, அது நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எங்க பிள்ள இல்ல அது."

அவர் காப்பி குடிக்காமலே எழுந்து போனார். அவர் சைக்கிளை எடுக்கிறவரைக்கும் மகன் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கற்பகத்துக்கு நான் போன் பண்ணவில்லை. போனில் என்றால் மறுபடியும் வாய் வராது. உங்களுக்கு எழுதுகிற கையோடு அவளுக்கும் எழுதிவிட்டேன். என் எழுத்து உங்களுக்குத் தெரியும், கோணல் மாணல்தான். அதில் உள்ளது இவ்வளவுதான்:

கற்பகம், ஆச்சி செய்தது தப்பு. நீ போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடு. உனக்கு எப்போது சிரிப்பு வருகிறதோ அப்போது எடுக்கச் சொல். யாரையும் அதில் கை வைக்க விடாதே. ஒன்று புதியம்புத்தூருக்குக் கொடுக்க. இன்னொன்று எனக்கு வேண்டும். இந்த வீட்டில் உன் பெரியாச்சி படம் ஒன்றுகூடக் கிடையாது. போட்டோக்காரர் வந்த நாளெல்லாம் அடுப்பில் வேலை இருக்கிறது என்று பெரியாச்சியை உள்ளே அனுப்பிவிட்டோம். உன் படம்தான் எனக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடைக்கிற மாதிரித் தபாலில் போட்டுவிடு.