பல்லால் இறுக்கிய ஈயம்

அக்கா,

இன்று மத்தியானம் மாமா வாசலில் உட்கார்ந்து வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது, குறடு கைக்கு அடங்கவில்லை. "உங்க அக்கா இருந்தா பல்லாலயே கடிச்சி இறுக்கி இந்நேரம் முடிச்சிருப்பா" என்று உன்னைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

எழுபதுகளில் உனக்குக் கல்யாணமான புதிதில்தான் ஏரியில் எல்லாரும் நைலான் வலைக்கு மாறினார்கள். அதற்குப் பழைய மண்குண்டு சரிப்படவில்லை, ஈயம் வேண்டும். மாமா அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகையில் வேலை பார்த்தார். மற்றவர்கள் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருவார்கள். இவர் சோற்றுத் தூக்கில் உடைந்த ஈயத்தகடு கொண்டுவருவார். நீ அதை இரும்புச் சட்டியில் உருக்கிக் குண்டு வார்ப்பாய். கயிற்றில் வைத்து நறுக்கென்று கடிப்பாய். "லேசா இனிக்குதுடி" என்பாய். நானும் ஒன்று கடித்துப் பார்த்தேன். பல் கூசியது, துப்பிவிட்டேன். நம் நைனாவின் வலை மட்டுமில்லை, தெருவில் பாதி வலை உன்னிடம்தான் வந்தது.

முதல் பிள்ளை மூன்றாம் மாதம் கலைந்தது. அடுத்ததும் அப்படியே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாய், குடல்பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். உன் ஈறோரம் நீலமாக ஒரு கோடு விழுந்திருந்தது. "இன்னாக்கா, இங்க்கு குடிச்சியா?" என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்றாவதும் போனபோது அம்மா தாயத்து கட்டினாள். ஊர் உன் ராசியைப் பேசியது. நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் இன்னா தப்பு பண்றேன்னு சொல்லுடி. தெரிஞ்சா நிறுத்திக்கிறேன்" என்றாய். அப்போதும் உன் மடியில் வலை இருந்தது. பிறகு உன் மணிக்கட்டு தொங்கிப்போனது. வலிப்பு வந்து மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

சில வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அதே நீலக்கோடு. "வீட்டில் யாராவது ஈயம் உருக்குகிறார்களா?" என்று கேட்டார். ஈயம் உடம்பில் ஏறினால் வயிற்றுப்பிள்ளை தங்குமா என்று மட்டும் கேட்டேன். தங்காமல் போகலாம் என்றார்.

மாமா வேலை பார்த்த அந்தக் கொட்டகைக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது, முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பின்பக்க வாய்க்காலில் புல்கூட முளைக்கவில்லை. அந்தத் தண்ணீர் ஏரிக்குத்தான் போகிறது. யாரைப் போய்க் கேட்பது? பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

மாமா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். குறடு நான் வாங்கிக் கொடுத்தது. ஈயத்தைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவாமல் சோறு போடமாட்டேன். எனக்குச் சுத்தப் பைத்தியம் என்று நினைக்கிறார், நினைக்கட்டும். சாயங்காலம் வலையைச் சுருட்டிவைத்துவிட்டுக் கேட்டார்: "பாப்பா, அவளுக்கு இன்னா நோவுன்னு கடைசி வரிக்கும் தெரியாமலே பூட்ச்சி இல்ல?"

"ஆமா மாமா, தெரியாமலே பூட்ச்சி."

இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அக்கா. நீ இருந்தாலும் அவரிடம் இதையேதான் சொல்லியிருப்பாய்.