உன் சின்னம்மா சொன்ன பிள்ளைக் கணக்கு

கச்சிராயபாளையம்
12-8-1997

அன்பு மகள் கண்ணகிக்கு, சித்தப்பா பொன்னுரங்கம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை தனசேகரனும் பம்பாயில் நோய்நொடி அண்டாமல் இருக்க மலைமேல் இருக்கிற கரியராமரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், மாடுகள் சுகம், கரும்பு இந்த வருஷம் இரண்டு ஆள் உயரம் நிற்கிறது, ஆலைக்காரர்களே வந்து பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள். உன் சின்னம்மா சுகம் என்று மட்டும் எழுதக் கை வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவன் மகளுக்கு எழுதுகிற விஷயம் இல்லை, ஆனால் வேறு யார் எழுதுவது. உன் சின்னம்மாவுக்குத் தூரம் நின்று நாலைந்து வருஷம் ஆகிறது, இந்த ஆடி பிறந்ததிலிருந்து மறுபடியும் ரத்தம் படுகிறது. எனக்குத் தெரியாமல் துணியை வாய்க்காலில் அலசிக்கொண்டு இருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாளாம், போதாததற்கு அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள், உனக்கு வயசு திரும்புகிறது, கோயிலில் தொட்டில் கட்டு என்று கேலி வேறு. அந்தக் கேலிக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குத் தெரிந்த அன்றைக்கே டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன், டிரைவர் என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துகொண்டு நடுவில் எங்கும் நிறுத்தாமல் கள்ளக்குறிச்சியில் கொண்டுபோய் இறக்கினான்.

அங்கே ஒரு டாக்டரம்மா. நான் அந்தக் காலத்து எட்டாவது என்று தெரிந்ததும் நாற்காலி போடச் சொன்னாள். எந்த வயதில் பெரியமனுஷி ஆனது, எப்போது நின்றது, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவள் எத்தனை பிள்ளை என்றாள். உன் சின்னம்மா கண் இமைக்காமல், ஒன்று, பொண்ணு, பம்பாயில் இருக்கிறாள் என்றாள். பிரசவம் எப்படி என்றதும் என் முகத்தைப் பார்த்தாள். கட்டினவளைப் பத்துப் பேர் முன்னால் பொய்க்காரி ஆக்க முடியுமா? சுகப்பிரசவம்தான், அடைமழையில் வண்டி கட்டித் தியாகதுருகம் போவதற்குள் வண்டியிலேயே பிறந்துவிட்டது, நான்தான் குடை பிடித்தேன் என்றேன். நர்சுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உன்னைப் பெற்ற என் அண்ணி நீ கைக்குழந்தையாய் இருக்கும்போதே போய்ச்சேர்ந்து, இவள் உன்னை எடுத்து வளர்த்த கதை அவர்களுக்கு எதற்கு?

உள்ளே வைத்துப் பரிசோதித்துவிட்டு வந்த டாக்டரம்மா, "ஏம்மா, பிரசவம் ஆன மாதிரியே தெரியலையே. உண்மையைச் சொல்லுங்க, குத்திக்காட்டறதுக்கு நான் கேக்கலை" என்றாள். பிறகு என்னை உட்காரவைத்து விளக்கினாள், அவள் பாதி சொல்வதற்குள்ளேயே நான் பிடித்துக்கொண்டேன். கர்ப்பம் தரிக்கும்போதெல்லாம் கர்ப்பப்பையின் உள்தோலுக்கு ஓய்வு கிடைக்கிறதாம், ஒரு தடவையும் தரிக்காதவளுக்கு அந்த ஓய்வே இல்லை, அதனால் அங்கே புற்று வருகிற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. சீக்கிரம் பெரியமனுஷி ஆகித் தாமதமாய் நின்றிருந்தாலும் அப்படித்தான், சர்க்கரையும் உடம்பு கனமும் சேர்ந்தால் இன்னும் ஜாஸ்தி. இது சாபமும் இல்லை, பாவமும் இல்லை, கட்டாயம் வரும் என்பதும் இல்லை, நிறையப் பெற்றவளுக்கும் வரலாம். ஆனால் நின்றுபோன பிறகு ரத்தம் பட்டால் யாராக இருந்தாலும் உள்ளேயிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தே ஆகவேண்டுமாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்றாள்.

இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னவளைப் பார்த்து உன் சின்னம்மா, "புள்ளை இல்லாதவன்னு சொல்லிக்கினு நான் வைத்தியம் பாத்துக்கணும்னா, அப்ப என் கண்ணகி யாரு? இன்னாத்துக்கு எனக்கு இந்த உசுரு?" என்று எழுந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டாள். அன்றிலிருந்து நானும் கத்திப் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், மலைமேல் கரியாலூரில் இப்படி அலட்சியமாய் இருந்த ஒருத்தி கதையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன், ஒன்றும் ஏறவில்லை. கோமுகி அணை கட்டினபோது எஞ்சினீயரே என்னைக் கேட்டுத்தான் மதகு வைத்தார், என் பேச்சுக்கு வீட்டில் மதிப்பில்லையா என்றால், "அணைக்கு மதகு வெச்ச ஆளு உங்க வாய்க்கு ஒண்ணு வெச்சிக்கக் கூடாதா" என்கிறாள். இந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் கண்ணு? நேற்றும் துணி அலசினாள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டியிருக்கிறது. எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான்.

ஆகையால் இதைக் கண்டதும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறு. தீபாவளிக்கு வருகிறேன் என்று தள்ளாதே. நீ கூப்பிட்டால் வருவாள், அது எனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாய் இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. டாக்டரம்மா மறுபடியும் எத்தனை பிள்ளை என்று கேட்பாள், சின்னம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு, இவள் வயிற்றில் எதுவும் பிறக்கவில்லை, நான் இவள் மகள் என்று. உன் வாயால் கேட்டால் எழுந்து போகமாட்டாள். நான் எதுவும் பேசாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
சு. பொன்னுரங்கம்